நாமே பூட்டிய பூட்டு

2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலைத் திருப்பலியை நிறைவேற்றி, சிற்றுண்டியையும் முடித்துக்கொண்டு, ஐந்து வாரங்களுக்குப் பின் முதன்முறையாகப் பங்கு அலுவலகத்தில் வந்து அமர்ந்தோம். பித்தப்பையில் கல் என்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, குருக்கள் ஓய்வு இல்லத்தில் தங்கி, உடல் ஓரளவு தேறித் திரும்பியிருந்த நேரம். மேசையெங்கும் தூசி. கணிப்பொறியின் பொத்தானை அழுத்தினோம். விசிறி சுழன்றது. கறுத்த திரையின் நடுவே ஒரு சிறு கட்டம் தோன்றிக் கடவுச்சொல்லைக் கேட்டது. விரல்களை விசைகளின்மீது வைத்தோம். அவை அசையவில்லை.

அந்தச் சொல்லை நாம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டிசம்பரில் அதை அமைத்த நாள்முதல் ஒவ்வொரு காலையும் விரல்களே அதை அடித்துவிடும். மனத்துக்கு அதில் வேலையே இருந்ததில்லை. இடைவெளியில் விரல்கள் மறந்துவிட்டன. மனத்தைக் கேட்டாலோ, 'என்னிடம் எப்போது கொடுத்து வைத்தீர்?' என்று அது நம்மையே திருப்பிக் கேட்டது.

மூன்று முறை முயலலாம். மூன்றும் தவறினால் பொறி நின்றுவிடும். அணைத்து மீண்டும் இயக்கினால் இன்னும் மூன்று முறை. அன்று காலை பத்து மணிக்குள் பேதுருவைவிடப் பல மடங்கு மறுதலிப்புகளைச் சந்தித்துவிட்டோம். பங்குப் பாதுகாவலரின் பெயர், நாம் குருப்பட்டம் பெற்ற நாள், அன்னையின் பெயர், நமக்கு விருப்பமான புனிதர்கள் எழுவரின் பெயர்கள், அவற்றின் பின்னே எண்கள். எதற்கும் அது இரங்கவில்லை.

வெளியே சொல்ல வெட்கமாயிருந்தாலும், அன்று நம்மை வாட்டியது கணிப்பொறி அன்று. நம் தாயார் தம் கடைசி நான்கு ஆண்டுகளில் நினைவைச் சிறிது சிறிதாக இழந்தார். முதலில் அடுப்பில் வைத்த பால், பிறகு பக்கத்து வீட்டாரின் பெயர், பிறகு நாம். நம்மைப் பார்த்து, இறந்துபோன நம் அண்ணனின் பெயரைச் சொல்லி அழைப்பார். ஐம்பத்தேழு வயதில் ஒரு சொல்லை மறந்தவனுக்கு அந்த அடுப்பும் அந்தப் பாலும் நினைவுக்கு வராமல் எப்படியிருக்கும்?

கோயில்பிள்ளை உள்ளே வந்தார். முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். கடவுச்சொல்லை மறந்துவிட்டோம் என்றோம். அவருக்குக் காது சற்று மந்தம். "கடவுள் சொல்லையா மறந்துட்டீங்க சாமி?" என்று பதறிப்போனார். சிரித்துவிட்டோம்.

உண்மையில் அது கடவுளைச் சார்ந்த சொல் அன்று. கடவு என்றால் வழி. ஆற்றைக் கடக்கும் துறையையும் அது குறிக்கும். குருமடத்தில் நீதித்தலைவர்கள் நூலைப் பயின்றபோது, இப்தாவின் வீரர் யோர்தான் துறைகளை மறித்து நின்ற பகுதியைப் படித்திருக்கிறோம். கடக்க வந்தவனை ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். எப்ராயிம் குலத்தாரின் நாவில் அச்சொல்லின் முதல் ஒலி சரியாக வராது. ஷிபோலெத் என்பதைச் சிபோலெத் என்று சொன்னவன் அங்கேயே கொல்லப்பட்டான். மாண்டவர் 42,000 பேர் என்கிறது அந்நூல். துறையில் நின்றவர்களுக்குத் தாம் யாருக்கு அஞ்சுகிறோம் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. நாமும் ஒருவனுக்கு அஞ்சித்தான் அந்தச் சொல்லை அமைத்தோம். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை மேலே நடத்துவதற்கில்லை.

நம் பங்கு கடற்கரைப் பங்கு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை வந்த ஆழிப்பேரலையில் பங்கு அலுவலகத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. கீழ்த்தட்டில் இருந்த திருமுழுக்குப் பதிவேடுகள் இரண்டு முழுவதும் நனைந்தன. அப்போதிருந்த பங்குத்தந்தை அவற்றைக் காயவைத்துத் துணியில் சுற்றி வைத்திருந்தார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம்போல் ஆகிவிட்டன. நாம் இப்பங்கிற்கு வந்தபின், நம்மூரைச் சேர்ந்த ஓர் இளைஞனைத் தட்டச்சுப் பணிக்கு அமர்த்தினோம். பட்டயப் படிப்பு முடித்தவன். தந்தை கடலுக்குச் செல்பவர். திருவிழா அறிவிப்புகளைத் தட்டச்சு செய்யத்தான் அவனை அழைத்தோம். அந்தத் துணிப் பொதியைப் பார்த்துவிட்டு, "இதை ஒரு கை பார்க்கலாமா ஃபாதர்?" என்று அவனே கேட்டான்.

இரண்டு ஆண்டுகள் அதில் உழைத்தான். பனை ஓலை ஈர்க்கைக் கத்திபோல் சீவி, ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரித்ததும் கைப்பேசியால் படம் எடுத்தான், ஏனெனில் பிரித்த தாள்களுள் பல மறுவாரமே உதிர்ந்தன. மை கலைந்த இடங்களில் ஊர்க் கிழவிகளிடம் போய்க் கேட்டான். நம் கடற்கரையில் திருமுழுக்குப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று, ஊர் கூப்பிடும் பெயர் ஒன்று. பதிவேட்டில் இருப்பவர் இன்னார் என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அவன் அட்டவணையில் 'கூப்பிடும் பெயர்' என்றே ஒரு பத்தி வைத்தான். குருமடத்தில் நாம் பயின்ற திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் எண் பதிவேடுகளைப் பேணும் கடமையைப் பங்குத்தந்தையிடம் ஒப்படைக்கிறது. நம் பங்கில் அதைச் செய்தவன் அவனே.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு செய்தி நம் காதுக்கு வந்தது. பங்கின் வறியோர் நிதியிலிருந்து சில பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம். அந்தப் பெயர்ப் பட்டியல் நமக்கும் நிதிப் பொறுப்பாளர் இருவருக்கும் மட்டுமே தெரியும்; அது கணிப்பொறியில் இருந்தது. கணவனை இழந்த ஒரு பெண்ணின் மகளை, தெருக்குழாயடியில் யாரோ தொகை முதற்கொண்டு சொல்லி, "கோயில் காசுல படிக்கிறவதானே நீ" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்குப் போய், நான்கு நாள் பள்ளிக்குப் போகவில்லை. பாடற்குழுவுக்கும் வருவதை நிறுத்திவிட்டாள்.

பங்குப் பேரவையைச் சேர்ந்த ஒருவர் நம்மிடம் வந்து, "கம்ப்யூட்டர்ல இருந்ததுதானே வெளியே வந்திருக்கு? தினமும் அதுல உட்கார்றது யாரு சாமி?" என்றார். அவர் பெயரைச் சொல்லிப் பயனில்லை. கேட்டவர் அவர், நம்பியவர் நாம். அந்த இளைஞனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றிரவே கணிப்பொறியின் அடிப்படை அமைப்புக்குள் சென்று, இயக்கும்போதே கேட்கும் கடவுச்சொல் ஒன்றை வைத்தோம். அதை எப்படி வைப்பது என்று நமக்குக் கற்றுத்தந்தவனும் அவன்தான். மறுநாள் அவன் வந்து, பொத்தானை அழுத்தி, அந்தக் கட்டத்தைப் பார்த்து, நம்மைத் திரும்பிப் பார்த்தான். "இனி தேவைப்படும்போது சொல்லி அனுப்புகிறேன், தம்பி" என்றோம். அலமாரிச் சாவியையும், பிரதி எடுத்து வைத்திருந்த பென் டிரைவையும் மேசைமீது வைத்துவிட்டுப் போனான்.

அந்தப் பென் டிரைவை என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பிரதி எதுவும் வெளியில் உலவக் கூடாது என்று அதிலிருந்த அனைத்தையும் அழித்துவிட்டு, கிறிஸ்து பிறப்புப் பாடல்களை அதில் ஏற்றிப் பாடற்குழுவிடம் கொடுத்தோம்.

மறந்துபோன அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள், இருபத்தாறு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் வெளியூரிலிருந்து வந்தார். நம்மூரில் பிறந்தவர். ஆழிப்பேரலையில் பெற்றோர் இருவரையும் ஒரே காலையில் இழந்து, அத்தையோடு வெளியூர் சென்று வளர்ந்தவர். மார்ச் 5 திருநீற்றுப் புதன். அதற்கு முன் திருமணம் வைத்திருந்தார்கள். மணமகளின் பங்கில் திருமுழுக்குச் சான்று கேட்டிருந்தார்கள். அவருடைய ஆண்டுப் பதிவு அந்த நனைந்த ஏடுகளுள் ஒன்றில் இருந்தது. பொதியைப் பிரித்துப் பார்த்தோம். அந்தப் பக்கங்கள் தூளாகியிருந்தன. இனி அவை இருப்பது கணிப்பொறிக்குள் மட்டும்.

சட்டப்படி திருமணத்துக்குத் தடை ஒன்றுமில்லை. ஐயத்திற்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சி இருந்தாலும் திருமுழுக்கை உறுதிப்படுத்தலாம் என்கிறது 876ஆம் எண். அவருடைய அத்தை உயிரோடு இருக்கிறார். இதை அவரிடம் விளக்கி, கவலை வேண்டாம் என்றோம். அவர் தலையை ஆட்டினார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்க்க முடியுமா ஃபாதர்? அப்பா, அம்மா பெயர் எழுதி அவங்க கையெழுத்துப் போட்டது அது ஒண்ணுதான் இருக்குன்னு அத்தை சொன்னாங்க" என்றார். சனிக்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். எந்தத் துணிவில் சொன்னோமோ தெரியாது.

மறைமாவட்ட அலுவலகத்தில் பணிபுரியும் இளம் குரு ஒருவருக்குக் கணிப்பொறி நன்கு தெரியும். தொலைபேசியில் அவரை அழைத்தோம். அவர் விளக்கிய பின்பே நாம் பூட்டியது எவ்வகைப் பூட்டு என்பது நமக்கு விளங்கிற்று. பூட்டு மூன்று வகை. ஒன்று, பொறி விழித்தெழும்போதே கேட்பது. விண்டோஸ் தோன்றுவதற்கு முன்பே வாசலில் நிற்பது. இரண்டாவது, விண்டோஸ் கேட்பது. மூன்றாவது, வட்டில் உள்ளவற்றையே மறைமொழியாக்கி வைப்பது. மூன்றாவதை இட்டுவிட்டு, சொல்லையும், அதற்கென்று தரப்படும் 48 இலக்க மீட்பு எண்ணையும் தொலைத்தால் எவராலும் எதுவும் செய்ய இயலாது. உள்ளே இருப்பது போனதுதான். "நீங்கள் போட்டது முதல் வகை. உங்களுடையது மேசைக் கணிப்பொறிதானே? மடிக்கணிப்பொறி அல்லவே?" என்றார். ஆம் என்றோம். "தப்பித்தீர்கள். மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் அந்தச் சொல் மின்சாரம் போனாலும் அழியாத சில்லில் இருக்கும். வாங்கிய ரசீதோடு நிறுவனத்தாரிடம்தான் போக வேண்டும். உங்கள் பொறியில் அதை அழித்துவிடலாம். முறை தெரிந்தவர் கையில் ஒரு திருப்புளி போதும். ஏன், உங்களிடம் ஒரு தம்பி இருந்தாரே, அவருக்கே தெரிந்திருக்குமே?"

நாம் பதில் சொல்லவில்லை. அவனை அழைப்பதைத் தவிர வேறு எதையும் செய்யலாம் என்றிருந்தது நம் மனநிலை. அந்தச் சொல்லை எங்கேனும் குறித்து வைத்திருப்போம் என்று தேடத் தொடங்கினோம். நாட்குறிப்பு, செபமாலை வைக்கும் பெட்டி, கண்ணாடிக் கூடு, திருப்பலி நூலின் உள்ளட்டை எல்லாவற்றையும் பார்த்தோம். இரவு பத்து மணிக்கு, சென்ற ஆண்டின் திருவழிபாட்டு நாள்காட்டியை எடுத்து உதறியபோது ஒரு தாள் விழுந்தது. டிசம்பர் 1ஆம் நாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்காக நாமே அச்சிட்டுக் கொடுத்த பாடல் தாள். அடையாளத்துக்காக மடித்து வைத்திருக்கிறோம். அதன் பின்புறத்தைத் திருப்பினோம்.

பள்ளிக் கட்டணப் பட்டியல். பெயர்கள், வகுப்பு, தொகை. நான்காவது வரியில் அந்தப் பிள்ளையின் பெயர்.

தாளின் இருபுறமும் எழுத வேண்டும் என்பது குருமடம் நமக்கு இட்ட பழக்கம். ஒருபுறம் அச்சிட்ட தாள்களைத் தட்டில் சேர்த்துவைத்து மறுபுறம் பயன்படுத்துவோம். மை மங்கி வீணான பட்டியல் பிரதிகளையும் நாமே அந்தத் தட்டில் போட்டிருக்கிறோம். நாமே எடுத்து அவற்றின் பின்புறத்தில் பாடலை அச்சிட்டிருக்கிறோம். நாமே பாடற்குழுவினர் கையில் கொடுத்திருக்கிறோம். எத்தனை தாள் அப்படிப் போயிற்றோ! அந்த இளைஞன் அந்த வாரம் தன் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக வெளியூர் போயிருந்தான் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடவுச்சொல்லைத் தவிர மற்றதெல்லாம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

அவ்விரவு உறக்கமில்லை. இளம் குரு தொலைபேசியில் பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒரு வரலாறு மனத்தில் சுழன்றது. கணிப்பொறிக்குக் கடவுச்சொல் வந்தது 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில். ஒரே பொறியைப் பலர் பகிர்ந்துகொண்டதால், ஒவ்வொருவர் கோப்பும் அவரவர்க்கே உரியதாக இருக்க வேண்டும் என்று பெர்னாண்டோ கோர்பட்டோ என்ற அறிஞரின் குழுவினர் அதை ஏற்படுத்தினர். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமல், கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பையே அச்சிடும்படி பொறிக்குக் கட்டளை கொடுத்து, தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கும் பூட்டு உடைக்கப்படவில்லை. அச்சிட்ட தாளில்தான் எல்லாம் வெளியே போயிற்று. அவர் இதைக் கோர்பட்டோவிடம் ஒப்புக்கொண்டது இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவரை எத்தனை முறை சொல்ல வாயெடுத்தாரோ என்று எண்ணிப் பார்த்தோம். நம் வயதுக்கு இருபத்தைந்து ஆண்டு தவணை கேட்பது அதிகம்.

வெள்ளிக்கிழமை காலை பேருந்து ஏறினோம். நகரத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில், கைப்பேசி பழுது பார்க்கும் கடை ஒன்றில் அவன் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தவன், நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். "வாங்க ஃபாதர். உடம்பு இப்ப எப்படி இருக்கு?" என்று எழுந்து நின்று, முக்காலியைத் துடைத்துப் போட்டான். கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். கடவுச்சொல் மறந்த செய்தியை மட்டும் சொன்னோம். மற்றதைச் சொல்ல அங்கே வாய் வரவில்லை. அவன் சிரிக்கவில்லை. "ராத்திரி எட்டு மணிக்குக் கடை அடைப்பாங்க. வந்துடுறேன்" என்றான்.

ஒன்பது மணிக்கு வந்தான். பங்கு இல்லத்து வாசலில் கிடக்கும் பழுப்பு நாய், நம்மைக் கண்டாலும் சில நேரம் குரைப்பது, அவன் காலைச் சுற்றிச் சுற்றி வாலை ஆட்டியது. மின் இணைப்பை முதலில் பிடுங்கினான். பெட்டியைப் படுக்கவைத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற முயன்றான். கடற்காற்றில் திருகாணிகள் துருவேறியிருந்தன. மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் காத்திருந்து திருப்ப வேண்டியதாயிற்று. உள்ளே பஞ்சுபோல் தூசி. பாகங்களையெல்லாம் தாங்கும் பெரிய பச்சைப் பலகையில், எட்டணாக் காசு அளவில் வெள்ளியாய் மின்னிய வட்டம் ஒன்றைக் காட்டினான்.

"இதுதான் ஃபாதர். 2032ன்னு சொல்லுவோம். கடையில சாதாரணமாகக் கிடைக்கும். மூணு வோல்ட்டு. கரண்ட் இல்லாத நேரத்துல தேதியையும் நேரத்தையும், நீங்க போட்ட பாஸ்வேர்டையும் இதுதான் ஞாபகம் வச்சிருக்கும்."

நகத்தால் பிடியை நெம்பி அதை வெளியே எடுத்தான். அருகே மூன்று சிறிய ஊசிகள் வரிசையாக நின்றன. அவற்றில் முதலிரண்டைச் சேர்த்து மூடியிருந்த சின்னஞ்சிறு தொப்பியை உருவி, இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்க்குமாறு மாற்றிப் பொருத்தினான். ஜம்பர் என்பார்களாம். எஞ்சிய மின்சாரமும் வடியும்படி பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தான். "சில பலகையில உடனே அழிஞ்சிடும். இது பழசு. ஒரு பத்து நிமிஷம் கிடக்கட்டும்" என்று தரையிலேயே சம்மணமிட்டு அமர்ந்தான். அந்த வட்டம் அவன் உள்ளங்கையில் இருந்தது.

நாற்காலியை விட்டு எழுந்து நாமும் தரையில் அமர்ந்தோம். அறுவைச் சிகிச்சைத் தழும்பு இழுத்தது. பாடல் தாளை அவனிடம் கொடுத்தோம். முன்புறம் பார்த்தான், பின்புறம் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

எழுதும்போது 'நாம்' என்று எழுதிப் பழகிவிட்டோம். அன்று அப்படிப் பேச முடியவில்லை. "தம்பி, நான்தான் இதைக் கொடுத்தேன். உன்மேல் சந்தேகப்பட்டுத்தான் பூட்டினேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு" என்றோம்.

'பரவாயில்லை ஃபாதர்' என்று அவன் சொல்லியிருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும். அவன் சொல்லவில்லை. தாளை மடித்துத் தரையில் வைத்தான்.

"அந்தக் கட்டம் வந்த அன்னைக்கே தெரியும் ஃபாதர், எனக்காகத்தான் போட்டிருக்கீங்கன்னு. இதைத் திறக்க எனக்குப் பத்து நிமிஷம் போதும்கிறதும் தெரியும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா அந்தப் பத்து நிமிஷம்கூட வேணாம். அலமாரிச் சாவி அன்னைக்கு வரைக்கும் என்கிட்டதானே இருந்தது..." என்று நிறுத்தினான். பிறகு, "அம்மாதான் ரொம்ப அழுதாங்க. வாரநாள் பூசைக்கு வர்றதை விட்டுட்டாங்க. எல்லாரும் பார்க்கிறாங்களாம்" என்றான்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. வெளியே கடலின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. நாய் உள்ளே வந்து இருவருக்கும் நடுவே படுத்துக்கொண்டது.

"ஆச்சு" என்று எழுந்தான். தொப்பியைப் பழைய ஊசிகளிலேயே பொருத்தி, வட்டத்தைத் தன் சட்டையில் துடைத்து அதன் இடத்தில் அழுத்தினான். மின்சாரம் கொடுத்துப் பொத்தானை அழுத்தச் சொன்னான். விசிறி சுழன்றது. அந்தக் கட்டம் வரவில்லை. அமைப்புகள் அழிந்துவிட்டன, தொடர எஃப்1 விசையை அழுத்துக என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அழுத்தினோம். சற்று நேரத்தில் விண்டோஸ் திறந்தது. மூலையில் தேதி 2013 ஜனவரி 1 என்றிருந்தது.

"பலகை செஞ்ச காலத்துக்குப் போயிருச்சு. நாமதான் தேதியைச் சொல்லிக் கொடுக்கணும்" என்றான். 2013 ஜனவரியில் நாம் வேறொரு பங்கில் இருந்தோம். இவன் அப்போது பள்ளிச் சிறுவன். ஆண்டை, மாதத்தை, நாளை, மணியை அவன் கேட்கக் கேட்க நாம் சொன்னோம்; அவன் அடித்தான்.

பதிவேட்டுக் கோப்புகள் அத்தனையும் அப்படியே இருந்தன. வெளியூர் இளைஞரின் பெயரைப் பள்ளிப் பெயரில் தேடினோம், கிடைக்கவில்லை. அவன் 'கூப்பிடும் பெயர்' பத்தியில் தேடினான். ஒரே முறையில் வந்தது. படத்தையும் திறந்தான். உப்புக் கறைக்கு நடுவே தந்தையின் பெயர், தாயின் பெயர், ஞானப்பெற்றோர் பெயர்கள். கீழே தந்தையின் கையெழுத்து. தாய் எழுத்தறியாதவர் போலும், பெருவிரல் ரேகை. சனிக்கிழமை காலை அந்த இளைஞர் வந்து திரையின் முன் அமர்ந்தபோது நாம் அறையை விட்டு வெளியே வந்துவிட்டோம். கேட்டால் பெரிதாக அச்சிட்டுக் கொடுக்கலாம் என்று தம்பி முன்னரே சொல்லியிருந்தான். இரண்டு பிரதி கேட்டார்; ஒன்று அத்தைக்கு.

ஞாயிறு அறிவிப்பில், பட்டியல் வெளியே போனது நம் கவனக்குறைவால்தான், அதில் வேறு எவருக்கும் பங்கில்லை என்று இரண்டே வரியில் சொன்னோம். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனதையும், அங்கே கேட்டுக்கொண்டதையும் எழுதுவது முறையன்று. அவள் பள்ளிக்குச் செல்கிறாள். பாடற்குழுவுக்கு இன்னும் வரவில்லை.

தம்பி வேலைக்குத் திரும்பவில்லை. கடையில் கூலி மேல். அதுவே அவனுக்கு நல்லது. மாதத்துக்கு ஓரிரு ஞாயிறு மாலை வந்து, எஞ்சிய தாள்களைப் பிரித்துக் கொடுக்கிறான். பிரதிகள் இப்போது மூன்று. ஒன்று ஆயர் இல்லத்தில், ஒன்று கன்னியர் இல்லத்து இரும்புப் பெட்டியில், ஒன்று அவனிடம். கணிப்பொறிக்கு மீண்டும் கடவுச்சொல் வைத்திருக்கிறோம், வறியோர் பட்டியலுக்காக. மறைமாவட்ட ஆவணக் காப்பகம் பூட்டியிருக்க வேண்டும், சாவி ஆயரிடமும் முதன்மைச் செயலரிடமும் மட்டும் இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 487ஆம் எண். இருவர் என்று எழுதிவைத்தவர்கள் மறதியையும் எண்ணிப் பார்த்திருப்பார்கள் போலும். நாமும் அந்தச் சொல்லை ஓர் உறையிலிட்டு ஒட்டிக் கன்னியர் இல்லத் தலைவியிடம் கொடுத்திருக்கிறோம். ஒருபுறம் அச்சிட்ட தாள்களை இப்போது கோயில்பிள்ளை வாரம் ஒருமுறை அடுப்பில் இடுகிறார்.

மறந்த சொல் திரும்பி வந்தது தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில். விடியற்காலை ஐந்து மணிக்கு வாசற்கதவைத் திறந்து, படியில் வழியை மறித்துக் கிடந்த நாயை, "மணி, எழுந்திரு, ஐந்தரைக்குப் பூசை" என்று அதட்டினோம். அதட்டிய வாய் அப்படியே நின்றது. மணி 530. அவ்வளவுதான். புனிதர் எழுவரையும் கூப்பிட்டுப் பார்த்த நமக்கு, வாசலில் கிடந்த நாயின் பெயர் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு தம்பி வந்தபோது சொன்னோம். அன்றுதான் அவன் பழையபடி வாய்விட்டுச் சிரித்தான்.

"இதை முதல் தடவையிலேயே நான் போட்டுப் பார்த்திருப்பேனே, ஃபாதர்!"